கலமும் டன்னும்: சிறுகலங்களை அளந்த கதை

கலம் என்னும் தமிழ்ச் சொல் இரு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. கடலில் செல்வதும் கலம்; களத்து மேட்டில் நெல்லை அளந்து சொல்வதும் கலம். எட்டு நாழி ஒரு குறுணி. குறுணிக்கே மரக்கால் என்று மறுபெயர். இரு குறுணி பதக்கு, இரு பதக்கு தூணி, மூன்று தூணி கலம். கொள்ளும் பொருளுக்கும் கொள்ளப்படும் அளவுக்கும் ஒரே பெயர் அமைந்தது தமிழில் மட்டும் நிகழ்ந்த ஒன்றன்று. ஆங்கிலேயரின் 'டன்' என்ற சொல்லும் தொடக்கத்தில் திராட்சை மது அடைக்கும் பெரிய மிடாவின் பெயரேயாகும். பிரான்சு நாட்டுப் போர்தோ நகரிலிருந்து இங்கிலாந்துக்கு மது ஏற்றி வந்த கப்பல்களில் எத்தனை மிடாக்கள் அடங்கும் என்று எண்ணியே அக்காலத்தார் கப்பலின் அளவைச் சொன்னார்கள். ஒரு மிடா 252 காலன் கொண்டது. அதன் நிறை ஏறக்குறைய 2,240 ராத்தல் ஆயிற்று. மிடா மறைந்தது, டன் என்னும் பெயர் மட்டும் நின்றது. அப்பெயர் சுட்டிய அளவோ காலத்துக்குக் காலம் மாறிற்று. அந்த மாற்றங்கள் தமிழகக் கரையில் ஓடிய சிறுகலங்களை எவ்வாறு தொட்டன என்பது இதுவரை அதிகம் பேசப்படாத செய்தி.

கடல் இல்லாத செட்டிநாட்டில் கப்பல் அளவையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்தோம் என்று மரபு சொல்லும் நகரத்தார், வறண்ட நிலத்தில் ஊர்களை அமைத்துக்கொண்டும் கடலை மறக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் உப்பு வணிகராகப் பழநி வரை சென்ற அவர்கள், 19-ஆம் நூற்றாண்டில் இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர், பர்மா எனக் கடைகளைப் பரப்பினார்கள். காரைக்குடிக்குக் கிழக்கே, ஒரு பகல் ஒரு இரவு மாட்டுவண்டிப் பயணத்தில் தொண்டித் துறை இருந்தது. அதற்குத் தெற்கே தேவிபட்டினமும் வடக்கே கோட்டைப்பட்டினம், அதிராம்பட்டினம், நாகப்பட்டினம் முதலிய துறைகளும் இருந்தன. நீராவிக் கப்பல் பெருகுமுன் அக்கரை சென்ற செட்டியாரும், அவர் கொண்டுசென்ற பணமும் பண்டமும் பாய்மரக் கலங்களையே நம்பியிருந்தன. கலங்கள் பெரும்பாலும் மரைக்காயர்கள், பரதவர்கள் முதலிய கடலோடி மக்களுடையவை; முதலும் சரக்கும் உள்நாட்டு வணிகருடையவை.

ஆங்கிலேயர் வருமுன் இக்கரையில் அளக்கப்பட்டது கப்பலா, சரக்கா என்று கேட்டால், கல்வெட்டுகள் சரக்கு என்றே விடை கூறுகின்றன. பட்டினப்பாலையில் வரும் புகார்த் துறையில் புலிப்பொறி இடப்பட்டது பண்டப் பொதிகளின்மேல், மரக்கலத்தின்மேல் அன்று. இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் பொறித்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, மிளகு, பாக்கு, பருத்தி, நூல், உப்பு, சந்தனம், அகில் எனப் பண்டங்களை ஒவ்வொன்றாக எண்ணி, பொதிக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு உரிய பங்கை வகுக்கிறது. தொண்டிக்கு அருகில் கடலோரம் அமைந்த தீர்த்தாண்டதானத்துக் கோயிற் கல்வெட்டிலும், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் முதலிய குழுக்கள் கூடிச் சரக்கின்மேல் மகமை விதித்துக்கொண்ட செய்தியே உள்ளது. நெல்லை அளக்கும் கருவிக்கு ஒருமைப்பாடு வேண்டும் என்பதைச் சோழர் நன்கு உணர்ந்திருந்தனர். 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் 'இராசகேசரி' என்னும் அளவோடு ஒத்தது என்று தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் குறித்து வைத்தது அதனாலேயே. ஆனால் அந்நெல் ஏறிச் சென்ற கலத்தின் வயிற்றை அளக்க அரசு முற்பட்டதற்கு அவற்றில் சான்று இல்லை.

கலம் கட்டியவர்களிடம் அளவு இருந்தது. அது வேறு நோக்கம் உடையது. சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-இல் பதிப்பித்த 'கப்பல் சாத்திரம்' மரத்தின் இனத்தையும் ஏராக் கட்டையின் அளவையும் கூறி, அவற்றுக்குப் பலனும் சொல்கிறது. வீட்டுக்கு மனையடி சாத்திரம்போலக் கலத்துக்கு அது. இன்ன நீளமுள்ள கலம் உடையவனுக்குச் செல்வம் தரும், இன்ன நீளம் கேடு தரும் என்ற கணிப்பில் வரிக்கு இடம் இல்லை.

இங்கிலாந்தில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே விளக்குமாடக் கட்டணமும் துறைக் கட்டணமும் கப்பலின் அளவைக் கொண்டு வாங்கப்பட்டன. ஒவ்வொரு பொதியையும் அவிழ்த்துப் பார்ப்பதைவிடக் கப்பலை ஒருமுறை அளந்து ஓர் எண்ணைச் சீட்டில் எழுதிவிடுவது அதிகாரிக்கு எளிது. 1773-இல் இயற்றப்பட்ட சட்டம் இதற்கு ஒரு வாய்பாட்டை நிலைநாட்டிற்று. நீளத்திலிருந்து அகலத்தின் ஐந்தில் மூன்று பங்கைக் கழித்து, வந்ததை அகலத்தால் பெருக்கி, மீண்டும் அரை அகலத்தால் பெருக்கி, 94-ஆல் வகுக்க வேண்டும். இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. ஆழம் அளக்கப்படவேயில்லை. சரக்கு நிறைந்த கப்பலில் ஆழத்தை அளப்பது கடினமாதலால், அகலத்தில் பாதியே ஆழம் எனச் சட்டம் கொண்டது. விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டினால் வரி குறையும், சரக்கு கூடும். அவ்வாறே கட்டினார்கள். ஒடுங்கிய, ஆழமான, காற்றில் சாயும் கப்பல்கள் பெருகின. சட்டம் அளக்காமல் விட்ட இடத்தில் உரிமையாளர் சரக்கை அடைத்தார். அதன் இடரை மாலுமிகள் சுமந்தார்கள்.

1836-இல் வேறொரு முறை வந்தது. அதிலும் ஓட்டைகள் இருந்தன. 1849-இல் அமைந்த ஆணையத்தின் செயலராக இருந்த ஜார்ஜ் மூர்சம் என்பவர் வகுத்த முறையே 1854-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தில் இடம்பெற்று, ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலகை ஆண்டது. கப்பலின் உள்ளிடத்தை உண்மையாகவே கன அடியில் கண்டு, நூறு கன அடியை ஒரு டன் என்று கொள்வது அம்முறை. நூறு என்ற எண் எங்கிருந்து வந்தது? அன்றைய பிரித்தானிய வணிகக் கப்பல்கள் அனைத்தின் உள்ளிடத்தையும், அவற்றின் பழைய பதிவு டன் தொகையால் வகுத்தபோது 98.22 கன அடி என்று வந்தது. கணக்கு எளிதாகட்டும் என்று அதை நூறாக்கினார்கள். நாட்டின் மொத்தக் கப்பல் வலிமை காகிதத்தில் சட்டெனக் குறைந்து தோன்றக் கூடாது என்ற கருத்தும் அதில் அடங்கியிருந்தது. ஆக, பதிவு டன் என்பது நிறை அன்று, இடம். மிடாவில் தொடங்கிய சொல் சுற்றிச் சுற்றி மீண்டும் கொள்ளளவுக்கே வந்து சேர்ந்தது.

மூர்சம் முறையில் அளவர் கலத்தினுள் இறங்கி வேலை செய்தாக வேண்டும். ஐம்பது முதல் நூற்றிருபது அடி வரை நீளமுள்ள கலத்தை ஆறு சம பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு வெட்டிலும் ஆழத்தை எடுத்து, அந்த ஆழத்தை நான்காகப் பகுத்து ஐந்து இடங்களில் அகலம் எடுத்து, எல்லாவற்றையும் வாய்பாட்டில் இட்டுக் கணக்கிட வேண்டும். சரக்கு ஏற்றி நிற்கும் கலமாயின் இரண்டாம் விதி ஒன்று இருந்தது. கலத்தின் வயிற்றுக்கடியில் சங்கிலி விட்டுச் சுற்றளவு கண்டு, அரைச் சுற்றளவையும் அரை அகலத்தையும் கூட்டி, வர்க்கப்படுத்தி, நீளத்தால் பெருக்கி, மரக்கலமாயின் .0017-ஆல் பெருக்க வேண்டும். சிறுதுறைகளில் சரக்கோடு வந்து சரக்கோடு புறப்படும் நாட்டுக் கலங்களுக்கு இந்த இரண்டாம் விதியே கைவரக்கூடியது.

இச்சட்டங்கள் இந்தியக் கரைக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1838-இல் பம்பாய்க் கரையோரக் கலங்களுக்கென ஒரு சட்டம் பிறந்தது. 1841-இல் கும்பெனி ஆட்சிப் பகுதிகளுக்குக் கப்பல் பதிவுச் சட்டம் ஏற்பட்டது. 1908-ஆம் ஆண்டு இந்தியத் துறைமுகச் சட்டமே நம் தோணிக்காரருக்கு மிக நெருக்கமானது. துறைக் கட்டணம் டன் கணக்கில் வாங்கப்பட்டது அதன்படிதான். பதிவுச் சீட்டு இல்லாத கலமாயின், பிரித்தானியக் கலங்களுக்குரிய முறைப்படி அதனை அளக்கத் துறை அதிகாரி ஏற்பாடு செய்யலாம். அம்முறையாலும் அளக்க இயலாத கலமாயின், தமக்கு நியாயம் எனத் தோன்றும் மதிப்பீட்டின்படி அவரே டன்னை முடிவு செய்யலாம் என்று அச்சட்டம் இடமளித்தது. இந்த இறுதி வாசகம் சிறியது. ஆனால் சிறுதுறைகளில் இதன் எடை பெரிது. நூல் பிடித்ததுபோல் வாய்பாடு வகுத்த ஒரு சட்டம், கடைசியில் ஒரு மனிதரின் கண்மதிப்புக்கு இறங்கி வந்து நிற்கிறது. தண்டலின் சொல்லுக்கும் அதிகாரியின் கண்ணுக்கும் இடையில் எத்தனை பேரம் நடந்திருக்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

அளவை மாற்றத்தின் பொருள் என்ன என்பது ஓர் எடுத்துக்காட்டால் விளங்கும். எண்பது அடி நீளமும் இருபது அடி அகலமும் பத்து அடி ஆழமும் கொண்ட ஒரு தோணியை மனத்தில் கொள்வோம். 1773-ஆம் ஆண்டு வாய்பாட்டில் அது 144 டன்னுக்குச் சற்று மேல். மூர்சம் முறையில், தோணியின் வளைந்த வயிறு நேர்ப்பெட்டியில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு இடம் கொள்ளும் என்று வைத்தால், 10,400 கன அடி. அதாவது 104 டன். அதே தோணியின் சுற்றளவு முப்பத்துநான்கு அடி என்று கொண்டு இரண்டாம் விதியில் இட்டால் 99 டன். இவையெல்லாம் ஒரே தோணிதான்; ஓர் ஆணிகூடக் கூடவோ குறையவோ இல்லை. அது சுமந்து செல்லும் உப்பின் நிறையோ இம்மூன்று எண்களில் எதனோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை.

இதனோடு சரக்குக் கூலிக்கு இன்னொரு டன்னும் வழங்கியது. பஞ்சு, பனைநார் போன்ற இலேசான பண்டங்களுக்கு நாற்பது கன அடி ஒரு டன். உப்பு, நிலக்கரி போன்ற கனத்த பண்டங்களுக்கு 2,240 ராத்தல் ஒரு டன். ஆகவே ஒரு வணிகர் நாற்பது கன அடி டன்னுக்குக் கூலி கொடுத்தார். அதே பயணத்தில் கலத்துக்காரர் நூறு கன அடி டன்னுக்குத் துறைக் கட்டணம் கட்டினார். இரண்டு சீட்டிலும் எழுதப்பட்ட சொல் ஒன்றே. வணிகர் தமக்குள் இக்குழப்பத்தை அண்டவிடவில்லை என்றே கொள்ளலாம். பர்மாவில் நெல் கூடைக் கணக்கில் விலை பேசப்பட்டது. இலங்கையில் அரிசி புசல் கணக்கிலும் மூட்டைக் கணக்கிலும் நடந்தது. எண்ணக்கூடிய, தூக்கக்கூடிய அளவுகள் அவை. டன் என்பது அரசாங்கத்தோடு பேசும் மொழியாக இருந்தது.

இதனால் வரலாறு எழுதுவோர்க்கு ஒரு தொல்லை விளைந்துள்ளது. ஆங்கிலேயர் காலத்துக் கடல்வாணிப அறிக்கைகள் நீராவிக் கப்பல், பாய்மரக் கப்பல், நாட்டுக்கலம் எனப் பிரித்து, துறைதோறும் வந்துபோனவற்றின் தொகையையும் டன்னையும் தருகின்றன. இவற்றை அடுக்கி வைத்து, இந்த ஆண்டில் இத்தனை டன், முப்பது ஆண்டு கழித்து இத்தனை டன், ஆகவே நாட்டுக்கலம் இத்தனை விழுக்காடு வீழ்ந்தது என்று எழுதுவது எளிது. நாட்டுக்கலம் வீழ்ந்தது உண்மை. 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானதும், 1869-இல் சூயெசுக் கால்வாய் திறந்ததும், பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் கும்பெனி வங்கக் கடலைத் தன்வசப்படுத்தியதும் அதற்குப் போதிய காரணங்கள். ஆனால் வீழ்ச்சியின் அளவைச் சொல்லும் எண்ணில் ஒரு பகுதி அளவுகோலின் மாற்றம். மேற்கண்ட தோணி 144-லிருந்து 104-க்கு இறங்கியது கடலில் அன்று, காகிதத்தில். 1854-க்கு முன்னும் பின்னுமான பட்டியல்களை ஒப்பிடுவோர் இதைக் கணக்கில் கொள்ளாவிடில், காணாமற் போகாத கலங்களையும் காணாமற் போனவையாக எழுதிவிட நேரும். மறுபுறம், கண்மதிப்பில் டன் எழுதப்பட்ட கலங்களும், எழுதப்படாமலே போன சிறு வள்ளங்களும் எந்தப் பட்டியலிலும் சரியாக நில்லா. 1906-இல் பாண்டித்துரைத் தேவர் தலைமையில் வ.உ.சிதம்பரனார் நிறுவிய சுதேசிக் கப்பல் கும்பெனியின் இரு கப்பல்களைத் தமிழர் ஒவ்வொருவரும் அறிவர். அதே தூத்துக்குடித் துறையில் ஆழமில்லாக் கரைக்கும் நெடுந்தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் இடையே சரக்கு சுமந்த தோணிகளின் பெயர்களை யார் அறிவார்? 1920-இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதிய மீன்வளத் துறை அறிஞர் ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற சிலரே அவற்றை ஏறெடுத்துப் பார்த்தார்கள்.

விடுதலைக்குப் பின் 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் 1838, 1841 சட்டங்களை நீக்கி, எல்லாவற்றையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தது. எந்திரக் கலங்களுக்கான பதிவில், இந்தியக் கரையோரம் மட்டுமே ஓடும், நிகர அளவு பதினைந்து டன்னுக்கு மேற்படாத கலத்துக்கு அது விலக்களித்தது. பதினைந்து டன் என்பது ஆயிரத்து ஐந்நூறு கன அடி. நாற்பது அடி நீளமும் பத்து அடி அகலமும் ஐந்து அடி ஆழமும் உள்ள வள்ளம் இதற்குள் அடங்கிவிடும். பாய்மரக் கலங்களுக்கெனப் பதினைந்தாம் பகுதி தனியே ஒதுக்கப்பட்டது. அதில் பாய்மரக் கலம் என்பதற்குத் தரப்பட்ட இலக்கணம் சுவையானது. பாயை மட்டும் கொண்டு ஓடப் போதிய பாய்ப்பரப்பு இருந்தால் போதும். எந்திரம் பொருத்தப்பட்டிருந்தாலும் அது பாய்மரக் கலமே. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூத்துக்குடித் தோணிகள் ஒவ்வொன்றாக எந்திரம் பூட்டிக்கொண்டபோதும் பாய்மரக் கலம் என்னும் பெயரை இழக்காமைக்கு இதுவே காரணம். 'எந்திரப் பாய்மரக் கலம்' என்று அலுவலகங்கள் வழங்கும் தொடர், கேட்பதற்கு முரணாகத் தோன்றினும் சட்டத்தில் பிறந்த குழந்தை.

எந்திரம் வந்ததும் அளவையில் ஒரு சிக்கல் புகுந்தது. எந்திரம் அமரும் இடம் சரக்குக்கு உதவாது. அதற்கும் கட்டணம் வாங்குவது நியாயமா? மூர்சம் முறை இதற்கு ஒரு கழிவு கொடுத்தது. திருகுவிசிறிக் கப்பலில் எந்திர அறை மொத்த அளவில் நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேல், இருபதுக்குள் இருந்தால் நூற்றுக்கு முப்பத்திரண்டு கழித்துவிடலாம். பதினான்கு பங்கு இடம் கொடுத்தவன் முப்பத்திரண்டு பங்கு கழிவு பெற்றான். எந்திர அறையை வேண்டிய அளவுக்குச் சற்றே பெருக்கிக் காட்டிப் பதின்மூன்றைத் தாண்டச் செய்வது ஐரோப்பியக் கப்பல் கட்டுவோரின் வழக்கமாயிற்று. எவ்வளவு நுட்பமான விதியாயினும் அதன் விளிம்பில் ஒரு கலம் கட்டப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இத்தகைய தந்திரங்களுக்கு முற்றுப்புள்ளி வைக்க எண்ணி, நாடுகள் கூடி 1969 சூன் 23-இல் கப்பல் அளவை உடன்படிக்கையை ஏற்றன. அது 1982 சூலை 18 முதல் நடைமுறைக்கு வந்தது; பழைய கப்பல்களுக்குப் பன்னிரண்டு ஆண்டு தவணை கொடுக்கப்பட்டு, 1994-இல் அத்தவணையும் முடிந்தது. இந்தியாவில் 1987-இல் அதற்கேற்ப விதிகள் இயற்றப்பட்டன. புதிய முறையில் கழிவு கிடையாது. மூடப்பட்ட இடம் முழுவதும் கன மீட்டரில் காணப்பட்டு, அந்த அளவு பெருகப் பெருகச் சிறிதே வளரும் ஓர் எண்ணால் பெருக்கப்படுகிறது. வரும் விடைக்கு டன் என்ற அலகுகூட இல்லை. வெறும் எண்ணாகவே நிற்கும். மரக்கலத்தில் பலகையின் தடிப்பும் உள்ளடங்க வெளிப்புறம் வரை அளக்க வேண்டும். நமது எண்பதடித் தோணிக்கு வெளியளவு 11,500 கன அடி என்று கொண்டால், 325 கன மீட்டர் ஆகி, விடை 81 என்று வரும். 144, 104, 81 - மூன்றாவது முறையும் தோணி சுருங்கிற்று.

ஆனால் அந்த உடன்படிக்கை இருபத்துநான்கு மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள கலங்களைத் தொடவில்லை. அவற்றை எப்படி அளப்பது என்பதை அந்தந்த நாட்டுக்கே விட்டுவிட்டது. இருபத்துநான்கு மீட்டர் என்பது ஏறக்குறைய எழுபத்தொன்பது அடி. நீளம் என்பதும் அணியத்திலிருந்து அமரம் வரை நூல் பிடிப்பதன்று. ஏராவிலிருந்து ஆழத்தின் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு உயரத்தில் கொள்ளும் நீர்க்கோட்டின் நீளத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு, அல்லது அக்கோட்டில் அணிய முகத்திலிருந்து சுக்கான் தண்டு வரை உள்ள தொலைவு, இவற்றில் பெரியது. முன்னும் பின்னும் சாய்ந்து எழும் அணியமும் அமரமும் கொண்ட எண்பதடித் தோணி இக்கணக்கில் எல்லைக்கு உள்ளே சென்றுவிடும். அருகில் நிற்கும் தொண்ணூற்றைந்தடித் தோணி வெளியே நிற்கும். இரண்டும் ஒரே துறையில் ஒரே சரக்கை ஏற்றி, கொழும்புக்கோ மாலத்தீவுக்கோ செல்லலாம்.

அளவை விதிகள் எதுவும் ஒரு கலம் கடலைத் தாங்குமா என்று கேட்டதில்லை. எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு இங்கிலாந்தில் 1876-இல் பிலிம்சால் என்பவரின் போராட்டத்தால் சுமைக்கோடு வந்தது. நம் பாய்மரக் கலங்களுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் நீர்மட்டத்துக்கு மேல் விட வேண்டிய விளிம்பைப் பற்றிய ஏற்பாடு தெளிவாக அமைந்தது. அதற்கு முன் அது தண்டலின் அறிவுக்கும் உரிமையாளரின் ஆசைக்கும் இடையே தீர்க்கப்பட்டது. அந்த அறிவு எளிதானதன்று. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட, தொண்ணூறு அடிக்குச் சற்றே குறைந்த 'அன்னபூரணி' என்னும் கலத்தை ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்க, அது தமிழ் மாலுமிகளுடன் கடல்கள் பல கடந்து 1938-இல் அமெரிக்காவின் கிளௌசெஸ்டர் துறையை அடைந்தது.

1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்துக்கும் 1908-ஆம் ஆண்டுத் துறைமுகச் சட்டத்துக்கும் மாற்றாக 2025-இல் இரு புதிய சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதிகாரிக்கு நியாயம் எனத் தோன்றும் மதிப்பீடு என்ற வாசகம் நூற்றுப் பதினேழு ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் இருந்தது. அந்த மதிப்பீடுகள் எழுதப்பட்ட சிறுதுறைப் பதிவேடுகள் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் உப்புக்காற்றில் இற்றன. அதே பயணங்களின் மறுபக்கக் கணக்கு, எத்தனை மூட்டை ஏறியது, எத்தனை இறங்கியது, தண்டலுக்கு என்ன கூலி என்பது, வணிகர் வீட்டுப் பேரேடுகளில் இருந்தது. அப்பேரேடுகளில் பல, வளவு வீடுகள் பிரிக்கப்பட்டபோது தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் கிடைத்த விலைகூட இல்லாமல், பழைய காகிதமாக நிறுவைத் தட்டில் ஏறின.